மலையடியில் நின்றுபோன ரயில்

மேட்டுப்பாளையத்துக்கு 1873-இலேயே ரயில் வந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தால் நீலகிரி தெரியும். ஆனால் அங்கிருந்து ஊட்டிக்குப் போய்ச் சேர ரயிலுக்கு மேலும் 35 ஆண்டுகள் பிடித்தன. அதுவரை மாட்டு வண்டியும் குதிரை பூட்டிய டோங்காவும்தான். சென்னை மாகாண அரசு 1870 முதல் கோடைதோறும் ஊட்டிக்குக் குடிபெயர்ந்தது. பணமும் நேரமும் ஆள்படையும் இருந்தவர்களுக்கே அந்தக் குளிர் வாய்த்தது.

ரயிலால் ஏன் ஏற முடியவில்லை? இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது தடையும் மிகக் குறைவு, பிடிமானமும் மிகக் குறைவு. சமவெளியில் பெரும்பாரத்தை எளிதாக இழுக்க முடிவது தடை குறைவாக இருப்பதால்தான். மலையடியிலுள்ள கல்லாறைத் தாண்டினால் கதை வேறு. செங்குத்தான இடங்களில் பாதை 12 அடிக்கு ஓரடி உயர்கிறது. மழையில் நனைந்த அந்தச் சரிவில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்; வண்டி நகராது.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்ட வழி எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பூட்டுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே, பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் அருகருகே ஓடும். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் இவற்றைக் கவ்வி ஏறும்போது, ஒரு பல் விடுவதற்குள் இன்னொன்று பிடித்துவிடும். நீராவிக்கும் இரட்டை வேலை: முதலில் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றுகிறது, அங்கே அழுத்தம் குறைந்து வெளியேறும் அதே ஆவி, வேறு இரண்டு உருளைகளுக்குள் (சிலிண்டர்) புகுந்து பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது.

ஏறும்போது எஞ்சின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தாக்கை நோக்கி ஓடாமல் எஞ்சின்மீதே சாயும்.

இப்படித்தான் 1899-இல் குன்னூருக்கு ரயில் ஏறியது; சரிவு குறைந்த மீதிப் பாதையில் பல் இல்லாமலே 1908-இல் ஊட்டியை எட்டியது. 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள். டிக்கெட் வாங்க முடிந்தவர் ஒரே பகலில் மலைமேல் இறங்கலாம் என்றானது. ஆனாலும் பெட்டிகளில் எத்தனை இடமோ அத்தனை பேர்தான். கூட்டத்தின் அளவை ரயிலே தீர்மானித்தது.

பிறகு வந்த பஸ்ஸுக்கும் காருக்கும் பல் தேவைப்படவில்லை. தார்ச்சாலையை ரப்பர் டயர் பிடிக்கும் பிடி, இரும்பின் பிடியைவிடப் பல மடங்கு வலுவானது. கால அட்டவணையும் இல்லை. யாரும் எப்போதும் புறப்படலாம். ஊட்டி எல்லோருக்குமான ஊரானதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் சொந்தக் கார்கள் மலைப்பாதையின் கொள்ளளவை எப்போதோ தாண்டிவிட்டன. உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வாகனங்களில் வர இ-பாஸ், அதாவது இணையவழி அனுமதிச் சீட்டு, கட்டாயமானது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வந்தோருக்கு அந்த வரம்பு இருக்கவில்லை.