தாய் கொடுத்தனுப்பும் எதிர்ப்புச் சக்தி எத்தனை மாதம் வரும்?

எட்டு மாதக் குழந்தை. நான்கு நாளாகக் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல். கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் தொடங்கிய சிவப்புத் தடிப்பு முகம், கழுத்து தாண்டி நெஞ்சுக்கு இறங்கியிருந்தது. தட்டம்மை. எங்கள் பக்கம் மணல்வாரி என்றால்தான் சட்டென்று புரியும்.

அந்தத் தாய் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறந்த அன்று போட்டது, ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம், எல்லாவற்றுக்கும் தேதி இருந்தது. "ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான் டாக்டர் குடுத்தேன். ஒரு ஊசிகூட விடலை. அப்புறம் எப்படி வந்துச்சு?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அவர் பக்கம் தவறும் இல்லை. ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருந்த அந்தக் காலை நேரத்தில் என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. குழந்தைக்கு நிமோனியா தொடங்கியிருந்ததால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாக அதன் ரத்தத்துக்குப் போகின்றன. ஐஜிஜி என்ற ஒரு வகைதான் அப்படிக் கடக்கும். அது தானாகக் கசிந்து போவதில்லை. நஞ்சுக்கொடியில் அதற்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன, அவை பிடித்துப் பிடித்து அந்தப் பக்கம் சேர்க்கின்றன. நான்காவது மாத வாக்கில் மெதுவாகத் தொடங்கும் இந்த வேலை, கடைசி இரண்டு மாதங்களில்தான் மும்முரமாகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் இந்தப் புரதம் தாயிடம் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருப்பதுண்டு. முதல் சில மாதங்களுக்குத் தட்டம்மை போன்ற நோய்கள் குழந்தையை அண்டாமல் பார்த்துக்கொள்வது இந்தச் சேமிப்புதான்.

இங்கே ஒரு குழப்பம் வருகிறது. மாடு வைத்திருக்கும் வீட்டுப் பாட்டிகள் சீம்பாலின் அருமையை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். சீம்பால் குடிக்காத கன்று தேறாது என்பார்கள். முழு உண்மை. பசுவின் நஞ்சுக்கொடி எதிர்ப்புப் புரதத்தைக் கன்றுக்குக் கடத்தாது. கன்று பிறந்த முதல் நாளுக்குள் குடிக்கிற சீம்பாலிலிருந்துதான் அது குடல் வழியாக ரத்தத்தில் ஏறுகிறது. மனிதக் குழந்தைக்கு அப்படியில்லை. ரத்தத்துக்கு வேண்டியது வயிற்றிலேயே வந்துவிடுகிறது. சீம்பாலிலும் தாய்ப்பாலிலும் நிறைந்திருப்பது ஐஜிஏ என்ற வேறு வகை. அது குழந்தையின் வாய், தொண்டை, குடலின் உட்சுவரில் படிந்து காவல் நிற்கும். வயிற்றுப்போக்கையும் சளித் தொற்றையும் குறைக்க அதற்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் அது ரத்தத்தில் ஏறித் தட்டம்மையைத் தடுக்கும் அளவுக்கு வராது. ஆகவே தாய்ப்பாலும் வேண்டும், தடுப்பூசியும் வேண்டும். ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட முடியாது.

சரி, அந்தச் சேமிப்பு எவ்வளவு நாள் வரும்? அது குழந்தை தானே தயாரித்தது அல்ல, அதனால் செலவாகச் செலவாகத் திரும்ப நிரம்பாது. தோராயமாக மாதத்துக்கு ஒரு முறை பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது 512 பங்கு இருந்தால் முதல் மாத முடிவில் 256, இரண்டாம் மாதம் 128. ஆறாம் மாதம் 8 பங்கு. ஒன்பதாம் மாதம் ஒன்றே ஒன்று. "தனிக்குடித்தனம் வைக்கிறப்ப அம்மா வீட்ல அரிசி பருப்பு கட்டிக் குடுப்பாங்களே, அது மாதிரியா?" என்று ஒரு பாட்டி கேட்டார். அதேதான். மூட்டை தீருவதற்குள் பிள்ளை சொந்தமாகச் சமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொடுப்பது தடுப்பூசி.

அப்படியானால் மூட்டை நிறைந்திருக்கும்போதே கற்றுக்கொடுத்துவிடலாமே என்று தோன்றும். தட்டம்மைத் தடுப்பூசியில் அது நடக்காது. அதில் இருப்பது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ். உடலுக்குள் கொஞ்சம் பெருகினால்தான் குழந்தையின் உடல் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளும். தாயின் எதிர்ப்புப் புரதம் நிறைய இருந்தால், பெருகுவதற்கு முன்பே அதைப் பிடித்து அமுக்கிவிடும். ஊசி போட்டதாக அட்டையில் இருக்கும், உடலில் பதிவு இருக்காது.

அமெரிக்காவின் கதையைப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். அங்கே 1963-ல் தட்டம்மைத் தடுப்பூசி வந்தபோது ஒன்பதாம் மாதம் போடச் சொன்னார்கள். பல குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகவில்லை என்று தெரிந்ததும் 1965-ல் பன்னிரண்டாம் மாதத்துக்குத் தள்ளினார்கள். 1976-ல் பதினைந்துக்கு. அன்றைய தாய்மார்கள் எல்லாரும் சிறுவயதில் தட்டம்மை வந்து பிழைத்தவர்கள். அவர்கள் கட்டிக்கொடுத்த மூட்டை பெரிது. பிறகு தடுப்பூசி போட்டு வளர்ந்த பெண்கள் தாயானார்கள், அவர்கள் கொடுக்கும் அளவு குறைந்தது, 1994-ல் தேதியை மறுபடியும் பன்னிரண்டு முதல் பதினைந்து மாதம் என்று முன்னே கொண்டுவந்தார்கள். குழந்தையின் ஊசித் தேதியைத் தாயின் ரத்தம் தீர்மானித்திருக்கிறது!

நம் ஊரிலும் அந்த மாற்றம்தான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. 1985-ல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் வளர்ந்த பெண்கள்தான் இன்று பிள்ளை பெறுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தட்டம்மை வந்ததே இல்லை. நல்ல விஷயம்தான். ஆனால் நோயே வந்து உண்டான எதிர்ப்பு அளவைவிடத் தடுப்பூசியால் உண்டான அளவு குறைவு. அவர்களைக் காக்க அது போதும். பிள்ளைக்குப் பகிரும்போதுதான் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. அவர்களுடைய அம்மாவின் காலத்தில் எட்டு மாதம் வந்தது, இப்போது பல குழந்தைகளுக்கு ஆறு மாதம்கூட வருவதில்லை. என்னிடம் வந்த அந்தக் குழந்தை இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டது.

ஊசியை ஆறாம் மாதத்துக்குக் கொண்டுவந்தால் என்ன? முயன்று பார்த்திருக்கிறார்கள். தாயின் புரதத்தை மீறிப் பிடிக்கட்டும் என்று, வைரஸின் அளவைக் கூட்டிய ஒரு தடுப்பூசியை ஆறாம் மாதமே போட 1989-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கினி-பிசாவ், செனகல் போன்ற நாடுகளில் அதைப் போட்டுக்கொண்ட பெண் குழந்தைகளிடம் பின்னாளில் இறப்பு கூடுதலாக இருந்தது தெரியவந்ததும், 1992-ல் பரிந்துரையைத் திரும்பப் பெற்றார்கள். அந்தத் தடுப்பூசி இப்போது புழக்கத்தில் இல்லை. நம் குழந்தைகளுக்குப் போடுவது அதுவல்ல, வழக்கமான அளவு. தட்டம்மை பரவும் இடங்களில் மட்டும் இந்த வழக்கமான ஊசியையே ஆறாம் மாதம் கூடுதலாக ஒன்று போடுவதுண்டு. 2022 இறுதியில் மும்பையில் பரவியபோது, ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அப்படிப் போட மத்திய அரசு சொன்னது. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒன்பதாம் மாதமும் ஒன்றரை வயதை ஒட்டியும் போட வேண்டியதை அப்படியே போட வேண்டும்.

ஒன்பதாம் மாதம் போட்டால் நூற்றுக்கு 85 குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. பன்னிரண்டாம் மாதம் போட்டால் 95. அப்படியென்றால் காத்திருக்கலாமே என்று படித்த பெற்றோர் பலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நோய் அரிதான நாட்டில் காத்திருக்கலாம். இங்கே அந்த மூன்று மாதத்தில் நோய் முந்திக்கொள்ளும். ஒரு வயதுக்குள் தட்டம்மை வந்தால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் மட்டுமல்ல, பல ஆண்டுகள் கழித்து மூளையை மெல்ல அழிக்கும் எஸ்.எஸ்.பி.இ. என்ற நோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது. அந்த நோய் வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பள்ளியில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களைக் குணமாக்கும் மருந்து என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை. ஒன்பதாம் மாத ஊசி போட்டும் எதிர்ப்புச் சக்தி உண்டாகாத அந்த 15 பேருக்காகத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை.

மற்ற ஊசிகளை மட்டும் ஏன் ஆறாவது வாரமே தொடங்குகிறோம்? கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் இருப்பவை உயிரற்றவை. தாயின் புரதம் அதன் வேலையைச் சற்று மந்தமாக்கும், முழுதாக முடக்காது. அதனால் நான்கு வார இடைவெளியில் மூன்று முறை, ஒன்றரை வயதில் ஒரு பூஸ்டர். கக்குவான் இருமல் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் என்பதால் அங்கே காத்திருக்க இடமில்லை. பி.சி.ஜி.யைப் பிறந்தவுடன் போடுவதற்குக் காரணம் வேறு. காசநோயை எதிர்ப்பது முக்கியமாகப் புரதமல்ல, ரத்த வெள்ளை அணுக்கள். அவற்றைத் தாய் நஞ்சுக்கொடி வழியாகக் கொடுத்தனுப்ப முடியாது.

குறைமாதக் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும்" என்று ஊசியைத் தள்ளிப்போடுவது வீட்டில் எல்லாருக்கும் இயல்பாக வருகிற பாசம். ஆனால் ஏழாம் மாதம் பிறந்த குழந்தை கடைசி இரண்டு மாதச் சேமிப்பை வாங்காமலே வந்துவிட்டது. அதன் மூட்டை எல்லாரையும்விடச் சிறிது. குழந்தை நலமாக இருந்தால் பிறந்த தேதியை வைத்தே வாரக் கணக்குப் போட்டு ஆறாவது வாரம் தொடங்கிவிட வேண்டும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்து மாமியார் வீட்டுக்குப் போகிறார்கள். பதினான்காவது வார ஊசி அந்தப் பயணத்தில் எத்தனையோ முறை தொலைந்திருக்கிறது. இந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியர் குழந்தை போய்விட்டது என்பார், அந்த ஊர்ச் செவிலியருக்கு வந்ததே தெரியாது. ஒன்பதாம் மாதம் வரும்போது ஆடி, அல்லது குலதெய்வக் கோயிலில் மொட்டை, காது குத்து, இல்லாவிட்டால் லேசான சளி. சளிக்காக ஊசியைத் தள்ள வேண்டாம். தவணை தவறிப்போனால் முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும்.

அந்த எட்டு மாதக் குழந்தை வீட்டில் ஐந்து வயது அண்ணன் இருந்தான். இரண்டு வாரத்துக்கு முன் அவனுக்கு அம்மை பார்த்து, வேப்பிலை வைத்து வீட்டிலேயே படுக்க வைத்திருக்கிறார்கள். வேப்பிலை வைப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, குழந்தையை மருத்துவரிடம் காட்டாததில்தான். அவனுடைய அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒன்பதாம் மாத ஊசி இருந்தது, இரண்டாம் தவணை இல்லை. தட்டம்மைக்காரர் இருந்துவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை காற்றில் கிருமி நிற்கும். ஒரே பாயில் படுக்கும் தம்பி தப்புவது எப்படி? தம்பிக்கு ஊசி போடும் வயது வராதபோது அவனைக் காக்கக்கூடியது அண்ணனுடைய இரண்டாவது ஊசி.

வைட்டமின் ஏ இரண்டு நாள் கொடுத்தோம், ஆக்ஸிஜன் வைத்தோம், ஆறாம் நாள் குழந்தை வீட்டுக்குப் போனது. பத்தாம் மாதம் மறுபடி வந்தார்கள். "அதான் வந்துட்டுப் போயிருச்சே, இன்னும் போடணுமா டாக்டர்?" போட வேண்டும், அதில் ருபெல்லா என்ற இன்னொரு அம்மைக்கும் மருந்து இருக்கிறது என்றேன். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவர் தன் தங்கையை முன்னால் தள்ளினார். ஏழு மாதக் கர்ப்பம், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறார். ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டி.டி. ஊசி இரண்டும் போட்டாயிற்று. கக்குவான் இருமலுக்கும் சேர்த்துப் போடும் டிடாப் ஊசி 27-வது வாரத்திலிருந்து 36-க்குள் போட்டால் குழந்தைக்கும் போய்ச் சேரும் என்று சொல்லி, மகப்பேறு மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். அவர் அட்டையின் முதல் பக்கத்தில் மாமியார் ஊர்ச் செவிலியரின் தொலைபேசி எண்ணை எழுத இடம் விட்டுக் கோடு போட்டுக் கொடுத்தேன். வெளியே போவதற்குள் வீட்டுக்காரருக்கு போன் செய்து அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தார்.