முதுகைத் திருப்பிப் பார்த்தீர்களா?

வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள்தான் என் வட்டம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது, "கொஞ்சம் திருப்பி முதுகுப் பக்கம் பார்க்கலாமா?" என்பதுதான், படுக்கைப் புண் இருக்கிறதா என்று பார்க்க. பல வீடுகளில் இதற்குப் பதில் சட்டென்று வராது.

ஒரு பெரியவர், வயது 75. மனைவிக்கு ஆறு வருடமாக டிமென்ஷியா, நாம் மறதி நோய் என்கிறோமே, அது. ஐந்து மாதமாகப் படுத்த படுக்கை. பிள்ளைகள் வெளியூரில், சமையல், குளிப்பாட்டுவது, டயாபர் மாற்றுவது எல்லாம் இவர் ஒருவர்தான். அந்த அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் என்னைக் கூப்பிட்டார். திருப்பிப் பார்க்கலாமா என்றதும், "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்றார். திருப்பினேன். வால் எலும்பின் மேல் மடித்து வைத்த வேட்டித் துணி, அதற்கு அடியில் மஞ்சள் தூள் காய்ந்து ஒட்டிப்போன, என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண். மூன்று வாரமாக இருக்கிறதாம். மகளிடம்கூடச் சொல்லவில்லை. "நான் சரியா பாத்துக்கலைன்னு நினைச்சிடுவாங்களோன்னு..." என்றவர் மேலே பேசவில்லை.

இதை நான் எழுதுவதே அந்தப் பேச்சுக்காகத்தான். படுக்கைப் புண் அன்பு குறைந்து வருவதில்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் நசுங்கும் சதைக்கு ரத்தம் போகாததால் வருகிறது. நாமெல்லாம் தூக்கத்தில்கூட நம்மை அறியாமல் புரண்டு படுக்கிறோம், முற்றிய டிமென்ஷியாவில் அந்தப் புரளல் நின்றுபோகிறது, வலிக்கிறது என்று சொல்லவும் வராது. மூத்திர ஈரமும் உடம்பு இளைப்பதும் இழுத்து நகர்த்தும்போது தோல் உராய்வதும் சேர்ந்துகொண்டால் சில மணி நேரமே போதும். பல சமயம் சேதம் உள்ளே எலும்பை ஒட்டித் தொடங்கி, தோலில் கடைசியாகத்தான் தெரிகிறது. அதனால் மறைக்காதீர்கள், காட்டுங்கள்.

புத்தகங்களில் "தோல் சிவக்கும்" என்றிருக்கும். நம் மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் சிவப்பைத் தேடினால் ஏமாந்துவிடுவோம். சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா படர்ந்தோ இருக்கும், தொட்டால் அங்கே மட்டும் சூடாக, கெட்டியாக, இல்லாவிட்டால் கனிந்த பழம் மாதிரி கொழகொழவென்று இருக்கும், விரலால் அழுத்தி எடுத்தாலும் நிறம் மாறாது. வால் எலும்பு, இரண்டு பக்க இடுப்பு எலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்மண்டை, காது மடல் எல்லாவற்றையும் தினமும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். தோல் கிழியும் முன்பே பிடித்துவிட்டால், அந்த இடத்தில் பாரம் விழாமல் வைத்தாலே பெரும்பாலும் ஆறிவிடும். எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட வேண்டாம், உள்ளே நைந்த சதை இன்னும் நைந்துபோகும். துணியைச் சும்மாடு மாதிரி சுருட்டியோ காற்று ட்யூப் வைத்தோ நடுவில் குழி விடுவதும் தப்பு, சுற்றி அழுத்தம் கூடி நடுவுக்கு வரும் ரத்தம் குறைகிறது.

திருப்பிப் போடுவது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. முழுக்க ஒருக்களித்தால் இடுப்பு எலும்பில் பாரம் விழும், அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து குதிகால் அந்தரத்தில் நிற்கட்டும். பழைய பருத்திப் புடவையை மடித்து, தோளிலிருந்து தொடை வரை சுருக்கமில்லாமல் அடியில் விரித்துவிடுங்கள். ஒருவரே இருந்தால், எதிர்ப்பக்கத்து ஓரத்தைத் தன் பக்கமாக இழுத்தால் நோயாளி மெதுவாக ஒருக்களித்துவிடுவார். இரண்டு பேர் இருந்தால் புடவையோடு தூக்கி நகர்த்தலாம். அக்குளில் கை கொடுத்து இழுக்கவே கூடாது.

ராத்திரி முழுக்க இதைத் தனியாக ஒரு 75 வயதுக்காரர் செய்ய முடியாது, செய்யச் சொல்வதும் நியாயமில்லை. காற்று அறைகள் மாறி மாறி உப்பி இறங்கும் ஆல்ஃபா பெட் இருந்தால், தோலைப் பார்த்துக்கொண்டே இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம். பெட் வந்துவிட்டது, இனித் திருப்ப வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. மேலே கனத்த மெத்தையும் போர்வையும் அடுக்கினால் அது போட்டே பிரயோஜனமில்லை.

அந்த அம்மா கணவரை யாரென்றே அறியாமல், "எவனோ என் புடவையத் தூக்குறான்" என்று அலறுவார். பெரியவரின் முன்கையில் பல் தடம். ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! முகத்துக்கு நேரே வந்து, கையைப் பிடித்து, "இப்போ துடைச்சு விடப் போறேன்" என்று ஒரே வரி சொல்லிவிட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்தித் தொடங்கச் சொன்னேன். முதுகுப் பக்கம் பிளந்து தைத்த நைட்டி பாதி சண்டையைக் குறைத்தது. மீதிச் சண்டை வலியால் வந்தது. டாக்டரிடம் கேட்டு, கட்டு பிரிப்பதற்கு அரை மணி முன்னால் பாராசிட்டமால் கொடுக்கத் தொடங்கியதும் கடிப்பது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. புருவத்தைச் சுருக்குவது, முனகுவது, உடம்பை விறைப்பது எல்லாம் பேச்சு போனவர்கள் வலிக்கிறது என்று சொல்லும் வழி.

புண்ணுக்குள் மஞ்சள், பவுடர், நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்தால் கழுவ அது போதும். நாற்றம் வந்தால் அதற்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து இருக்கிறது, டாக்டரோ நர்ஸோ சொல்லும் விதத்தில் போடலாம். கறுத்துப்போன தோலை வீட்டில் வெட்டாதீர்கள். காய்ச்சல், சீழ், திடீர் மயக்கம், எலும்பு தெரிவது என்றால் அன்றைக்கே டாக்டர்.

வெறும் கஞ்சியில் புண் ஆறாது. 40 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50, 60 கிராம் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். பருப்பு, தயிர், மீன் என்று மசித்து, உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, அப்புறம் அரை மணி அப்படியே நிமிர்த்தி வையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். டிமென்ஷியாவின் கடைசிக் கட்டத்தில் எவ்வளவு செய்தாலும் சில புண்கள் மூடாது. அப்போது வலியும் நாற்றமும் இல்லாமல் வைத்துக்கொள்வதே சிகிச்சை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அல்லது 104 எண்ணுக்குப் பேசுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567.

இரண்டாவது தடவை போனபோது பெரியவரின் பிரஷரைப் பார்த்தேன், 180/100. மனைவியைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாமல் இரண்டு மாதமாக மாத்திரையே வாங்கவில்லை. அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டோம், புண் இருப்பதை அவரே சொன்னார். மகள் மாதத்தில் பத்து நாள் வந்து தங்குகிறார். மற்ற நாட்களில் பக்கத்து வீட்டுப் பையன் ராத்திரி பத்து மணிக்கு வந்து புடவையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் திருப்பிவிட்டுப் போகிறான். சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் நேரமும் "வ", "இ" என்று வலது இடதும் பெரியவரின் கையெழுத்தில் இருக்கிறது. நாலு மாதத்தில் புண் ஒரு ரூபாய் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.