‘காரைக் கீழே நிறுத்திக்கொள்ளலாம்’ என்ற வாய்ச்சொல்லை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

கடந்த வாரம் மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு தம்பதியர் வாடகை ஒப்பந்தத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தனர். குடிபோன மூன்றாம் நாளே, அவர்கள் காரை நிறுத்தியிருந்த இடம் முதல் மாடிக்காரருடையது என்று அசோசியேஷன் செயலாளர் சொல்லிவிட்டாராம். ஒப்பந்தத்தை இருமுறை படித்தேன். மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை என்பது வரை எழுதப்பட்டிருந்தது. பார்க்கிங் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இதே குறையோடு இந்த ஆண்டில் என்னிடம் வந்த ஏழாவது குடும்பம் இது.

“வீடு ஓனருடையது என்றால் கீழே உள்ள இடமும் அவருடையதுதானே, சார்?” என்று ஏழு குடும்பங்களும் கேட்டன. இல்லை. தி. நகர், மயிலாப்பூர், மாம்பலம் பகுதிகளின் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் எட்டு வீடுகளுக்கு நான்கு கார்கள் நிற்கும் இடமே இருக்கும். ஃபிளாட் வாங்கியவருக்கு மனையில் கிடைப்பது பிரிக்கப்படாத பங்கு. ‘இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரை என்னுடையது’ என்று சுட்டிக்காட்டும் உரிமையை அந்தப் பங்கு மட்டுமே தந்துவிடாது. அவருடைய பத்திரத்தில் பார்க்கிங் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும், அல்லது அசோசியேஷன் ஒதுக்கியிருக்க வேண்டும். தூண்களுக்கிடையே உள்ள ஸ்டில்ட் பகுதி பொதுவிடம், அதைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது என்று மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. வெளிநாட்டிலிருக்கும் ஓனர், தமக்கு இடம் இருப்பதாக உண்மையாகவே நம்பிக்கொண்டிருக்கலாம். ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவருக்கே இல்லாத இடத்தை அவர் உங்களுக்குத் தர முடியாது.

ஆகவே வீட்டைப் பகல் பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அந்நேரத்தில் பாதிக் கார்கள் அலுவலகம் போயிருக்கும், எந்த ஸ்டில்ட்டும் தாராளமாகத்தான் தெரியும். இரவு ஒன்பது மணிக்கு உங்கள் காரிலேயே சென்று, தெருவிலிருந்து கேட்டுக்குள் திருப்பி, உங்களுக்கென்று சொல்லப்பட்ட இடத்தில் நிறுத்திப் பாருங்கள். இப்போதைய கட்டட விதிகள் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கேட்கின்றன. பழைய கட்டடங்களில் அந்த அளவை எதிர்பார்க்க வேண்டாம். ஏறத்தாழ 4.7 மீட்டர் நீளமுள்ள இன்னோவாவை அங்கே நிறுத்தினால் வால் வெளியே நிற்கும். முன்னும் பின்னுமாக இரண்டு கார்கள் நிற்கும் இடமென்றால், அதிகாலை ரயிலுக்குக் கிளம்பும் நாளில் யாரை எழுப்ப வேண்டும் என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் பேஸ்மென்ட் பார்க்கிங் என்றால் வாட்ச்மேனிடமும் தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, தண்ணீர் எவ்வளவு நின்றது என்று விசாரியுங்கள். வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்யப்பட வேண்டும்; பதினொரு மாதம்தானே என்ற சாக்கு இனிச் செல்லாது. அந்த ஒப்பந்தத்தின் சொத்து விவரப் பகுதியில் பார்க்கிங் இடத்தின் எண், அது எந்தத் தூண்களுக்கு இடையில் உள்ளது, கார் எத்தனை, இருசக்கர வண்டி எத்தனை, வாடகைக்குள் அடங்குமா தனிக் கட்டணமா என்பவை எல்லாம் இருக்கட்டும். ஓனரின் பத்திரத்தில் பார்க்கிங் பற்றிய பக்கத்தையோ அசோசியேஷனின் ஒதுக்கீட்டுக் கடிதத்தையோ கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்ட மறுத்தால் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே குடியேறிவிட்டவர்கள், தயவுசெய்து, தகராறு வரும்வரை காத்திருக்க வேண்டாம். “எங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் இதுதானே?” என்று படத்தோடு ஓனருக்கு இன்றே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள், அவர் ‘ஆம்’ என்று எழுதும் பதிலை அழிக்காமல் வைத்திருந்து, அடுத்த புதுப்பித்தலின்போது ஒப்பந்தத்தில் ஏற்றிவிடுங்கள்.