பெருவழி: ஹைவேக்குத் தகடூர் தந்த சொல்

சேலத்திலிருந்து வரும் பஸ் தொப்பூர் கணவாயைத் தாண்டியதும் கண்டக்டர் கேட்பார்: “டவுனுக்குள்ளயா, பைபாஸா?” பழைய தகடூரான தருமபுரியில் அந்த ஒரே சாலைக்குப் பல பேர். வடக்கே போகிறவருக்குப் பெங்களூர் ரோடு, தெற்கே போகிறவருக்குச் சேலம் ரோடு, லாரிக்காரருக்கு ஹைவே. பலகையில் தேசிய நெடுஞ்சாலை 44. 2010-இல் எண்களை மாற்றும்வரை அது 7.

ஹைவேக்கு நம் மண்ணிலேயே ஒரு சொல் கல்லில் வெட்டிக் கிடக்கிறது. தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டு மைல்கல் ஒன்றில், “அதியமான் பெருவழி நாவற்தாவளத்துக்குக் காதம் 29” என்றிருக்கிறது. தாவளம் என்றால் தங்குமிடம். காதம் பழைய தொலைவு அளவு. 29 என்பதைத் தமிழ் எண்ணில் பொறித்ததோடு விடவில்லை. இருபதுக்கு இரண்டு பெரிய குழி, ஒன்பதுக்கு ஒன்பது சிறு குழி. எழுத்தறியாத வழிப்போக்கரும் விரலால் தடவித் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். வெட்டியவரின் அந்த அக்கறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். இந்த அதியமானை ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அஞ்சி என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அவர் சங்க காலத்தவர். கல்லோ பல நூற்றாண்டு பிந்தியது.

சொல் கல்லைவிட மூத்தது. பெருமை + வழி, பெருவழி. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் ‘உல்குடைப் பெருவழிக் கவலை’ என்று வருகிறது. உல்கு என்றால் சுங்கம். கவலை என்றால் வழி பிரியும் இடம். சென்னைச் சாலையும் சேலம் சாலையும் பெங்களூர்ப் பக்கமிருந்து வந்து பிரிகிற, சுங்கச்சாவடியும் நிற்கிற கிருஷ்ணகிரிக்கு இந்த மூன்று சொல்லும் அப்படியே பொருந்தும். கோவைப் பக்கம் இராசகேசரிப் பெருவழிக்கும் கல்வெட்டு உண்டு.

‘நெடுஞ்சாலை’ தவறா? இல்லை, நல்ல தமிழ்தான். ஆனால் சாலைக்கு முதலில் கூடம் என்ற பொருளும் இருந்தது. பாடசாலை, அறச்சாலை எல்லாம் அப்படி வந்தவை. இருபுறமும் மரம் நிற்கும் பாதை என்றும் அகராதி பொருள் சொல்கிறது. நான்கு வழியாக அகலப்படுத்தியபோது நம் பக்கத்துப் புளியமரங்கள் போன பின், அந்தப் பொருளில் அதைச் சாலை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அலுவலக எழுத்தில் நெடுஞ்சாலை இருக்கட்டும். ஊர்களை இணைத்து வணிகம் நடக்கும் முதன்மைத் தடத்தைச் சொல்லும்போது பெருவழி என்றே எழுதலாம்: ‘சென்னை–பெங்களூர்ப் பெருவழி’, ‘பெருவழி ஓரக் கடைகள்’. புதுச்சொல் என்று யாரும் தயங்க வேண்டாம். ஓசூரையும் சேர்த்து அரசு அறிவித்த பாதுகாப்புத் தொழில் திட்டத்தின் பெயரிலேயே ‘பெருவழித்தடம்’ என்ற சொல் வந்துவிட்டது.