விம்மல்: கிட்டாரில் ‘ஸ்வெல்’ என்பதற்குத் தமிழ்

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் ஒரு மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். ஒத்திகையின்போது புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணே, வால்யூம் ஸ்வெல்னா தமிழ்ல என்னண்ணே? போன்ல போட்டா ‘ஒலி வீக்கம்’னு வருது.” அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் அந்தச் சொல் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். கம்பியை பிக்கால் (விரலில் பிடிக்கும் சின்னச் சில்லு) தட்டியதும் ‘டங்’ என்று ஒரு வெட்டு விழும். அந்த நொடியில்தான் சத்தம் உச்சத்தில் இருக்கும், அப்புறம் தேய்ந்துகொண்டே போகும். கிட்டாரை கிட்டார் என்று காது கண்டுபிடிப்பதே பெரும்பாலும் அந்த முதல் வெட்டை வைத்துத்தான். எலக்ட்ரிக் கிட்டாரில் அதை மறைக்க வழி உண்டு. வால்யூம் குமிழைப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டு கம்பியைத் தட்ட வேண்டும். வெட்டு யாருக்கும் கேட்காது. தட்டிய கையோடு சுண்டுவிரலால் குமிழைத் திருப்பினால், சுரம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் எழும்பி வரும். வில் போட்டு வாசித்த வயலின் மாதிரி இருக்கும். இதற்குத்தான் வால்யூம் ஸ்வெல் என்று பெயர்.

‘ஸ்வெல்’ பழைய ஆங்கிலச் சொல். பருப்பது, உப்புவது என்று பொருள். கடலில் காற்று நின்ற பிறகும், தூரத்துப் புயல் கிளப்பிவிட்டும், நுரையில்லாமல் வழுவழுவென்று உருண்டு வரும் அலைக்கும் அதே பெயர். இசைக்குள் அது வந்தது சர்ச் ஆர்கன் வழியாக. ஆர்கன் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் குழாயின் சத்தம் கூடாது, குறையாது. அதனால் குழாய்களை ஒரு பெட்டிக்குள் அடைத்து, அதற்கு ஒரு திறப்பு வைத்து, அதைக் காலால் திறந்து மூடச் செய்தார்கள். 1712-ல் லண்டன் புனித மேக்னஸ் ஆலயத்து ஆர்கனுக்கு ஆபிரகாம் ஜோர்டான் அப்படி ஒரு பெட்டி செய்தார். கிட்டார்காரர் காலடியில் இன்று கிடக்கும் வால்யூம் பெடலுக்கு அதுதான் பாட்டன். அமெரிக்க ராக் கிட்டார்காரர் எடி வான் ஹேலன் குமிழைத் திருப்பித் திருப்பியே வாசித்து 1982-ல் வெளியிட்ட இசைத்துண்டுக்கு ‘கதீட்ரல்’ (பேராலயம்) என்று பெயர் வைத்தார். கேட்டால் ஆர்கன் மாதிரியே இருக்கும்.

குமிழா, பெடலா? கையில் என்ன கிட்டார் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1954-ல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டாரில் குமிழ் கம்பிகளுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் சுண்டுவிரல் எளிதாக எட்டும். லெஸ் பால் என்ற இன்னொரு வகையில் கையை நீட்ட வேண்டும். ஒற்றைச் சுரத்துக்குக் குமிழ் போதும். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) முழுவதையும் எழுப்ப வேண்டுமென்றால் பெடல்தான் வசதி, கை இரண்டும் வாசிப்புக்கே கிடைக்கும். பெடலை எந்த இடத்தில் கோக்கிறோம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நானும் முதலில், எதிரொலி போடும் டிலே கருவிக்குப் பின்னால் மாட்டிவிட்டு, பெடலை மூடும்போதெல்லாம் எதிரொலியும் சேர்ந்து அறுந்துபோகிறதே என்று பல நாள் குழம்பினேன். டிலே, ரிவர்ப் (பெரிய கூடத்தில் கேட்பது மாதிரி முழக்கம் சேர்க்கும் கருவி) இரண்டுக்கும் முன்னால் மாட்டினால், பெடலை மூடிய பிறகும் எதிரொலியின் வால் நீண்டு போகும். அடுத்த சுரம் அந்த வாலின் மேலேயே எழும்பும். ஒலியைச் சிதைத்துக் கொடுக்கும் டிஸ்டார்ஷன் கருவிக்கு முன்னால் வைத்தால் ஒலி சுத்தமாகத் தொடங்கி, போகப்போகக் கரடுமுரடாகும். பின்னால் வைத்தால் சத்தம் மட்டும் கூடும்.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் குமிழின் உள்பகுதி அரித்துப்போய், திருப்பும்போது கரகரக்கும். மற்ற நேரம் அது பெரிய தொல்லை இல்லை. ஸ்வெல்லோ திருப்பும்போதுதான் பிறக்கிறது, கரகரப்பு அதன் மேலேயே வந்து விழும். அதைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஒன்று பையில் இருக்கட்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘வீக்கம்’ இலக்கணப்படி தப்பில்லை. சிலப்பதிகாரம் தொடக்கத்திலேயே கடலை ‘வீங்குநீர்’ என்கிறது. ஆனால் இன்றைக்கு வீக்கம் என்றதும் கால் வீக்கமும் பணவீக்கமும்தான் ஞாபகம் வரும். ‘ஒலிப்பெருக்கு’ என்றால் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி முன்னால் வந்து நிற்கிறது. ‘ஒலியேற்றம்’ வெறுமனே சத்தத்தைக் கூட்டுவது, வெட்டு மறைவதை அது சொல்லாது. ‘ஓதம்’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் பள்ளிப் பாடத்தில் அது கடல் ஏறி வற்றுவது, வீட்டில் அது சுவர் ஈரம்.

விடை கிடைத்தது எங்கள் தீவின் குந்துகால் கடற்கரையில். இங்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அன்று காலை ஆண்கடல் பக்கம் காற்றே இல்லை. நுரையும் இல்லை. ஆனாலும் கட்டியிருந்த வள்ளங்கள் ஒவ்வொன்றாக மெல்ல உயர்ந்து தாழ்ந்துகொண்டிருந்தன, தூங்குகிறவர் நெஞ்சு மாதிரி. எந்த அலையும் வள்ளத்தில் வந்து அடிக்கவில்லை. அடியிலிருந்து ஏதோ தூக்கியது, அவ்வளவுதான். நெஞ்சு என்று நினைத்தவுடன் சொல் வந்துவிட்டது: விம்முதல்.

அகராதியைத் திறந்தால் விம்முதலுக்குத் தேம்பி அழுதல், பருத்தல், நிறைதல், ஒலித்தல் என்று பொருள்கள் வரிசையாக இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் பருப்பதுதான், தமிழில் ஒலியும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன. விம்மல் தொண்டைக்குள் சத்தமில்லாமல் பிறந்து, எப்போது வெளியே வந்தது என்று தெரியாமல் வருகிறது. குமிழைத் திருப்பும்போது கம்பி செய்வதும் அதைத்தான். பெரிய வெள்ளிப் பாடல்களுக்கு இடையில் ஒருமுறை இதை வாசித்துப் பாருங்கள், வேறு சொல் தேட மாட்டீர்கள்.

வினையாகவும் நன்றாகவே புழங்குகிறது. ‘அந்த கார்டை விம்மவிடு’ என்றால் குழுவில் எல்லோருக்கும் புரிகிறது. குமிழால் செய்தால் குமிழ்விம்மல், காலால் செய்தால் பெடல்விம்மல். 1979-ல் பாஸ் (Boss) என்ற கம்பெனி விட்ட ஸ்லோ கியர் பெடல் மாதிரி, கையும் காலும் படாமல் தானாகவே சுரத்தை எழுப்பும் கருவிகள் உண்டு. அவை செய்வதைத் தன்விம்மல் என்று சொல்லிப் பார்த்தோம், பொருந்துகிறது.

கேள்வி கேட்ட தம்பி இப்போது தன் பாட்டுத்தாளில், ஸ்வெல் வரும் கார்டுகளின் தலையில் பென்சிலால் ‘வி’ என்று போட்டு வைத்திருக்கிறான்.