மூடாமல் விட்ட மேற்கோள்குறி

ஸ்கிரிப்ட் எழுதி ஃபைல் உருவாக்குகிற எல்லோருக்கும் ஒருநாள் இந்தச் சிக்கல் வரும்: உரைக்குள்ளேயே மேற்கோள்குறி இருக்கிறது, என்ன செய்வது? பலர் ஒரு பின்சாய்வைச் (\) சேர்க்கிறார்கள். பிழைச்செய்தி மறைந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தரவை மாற்றித் தருவது என் வேலை. பிழைச்செய்தி தரும் மேற்கோள்குறியைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அதை யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். சத்தமில்லாமல் தரவைத் தின்றுவிட்டுப் போவதைத்தான் பயத்தோடு பார்க்கிறேன்.

மேற்கோள்குறிக்கு இரண்டு வெவ்வேறு இடங்களில் வேலை இருக்கிறது. நிரலில் நாம் எழுதும் குறி, உரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அந்த மொழிக்குச் சொல்வதற்கு. பைத்தான் என்ற நிரல்மொழியில் "அவர் \"சரி\" என்றார்" என்று எழுதினால், ஃபைலில் விழுவது அவர் "சரி" என்றார் என்பது மட்டும்தான். பின்சாய்வு அங்கே போய்ச் சேராது. ஆனால் அந்த ஃபைலை நாளைக்குப் படிக்கப்போகும் நிரலுக்கும் அதற்கென்று ஒரு விதி உண்டு. முதல் விதியைச் சரிசெய்துவிட்டு இரண்டாவதும் சரியாகிவிட்டதாக நம்புவதில்தான் பெரும்பாலான கோளாறுகள் தொடங்குகின்றன.

இந்த விதிகள் வடிவத்துக்கு வடிவம் மாறும். தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் ஜேசன் (JSON) வடிவத்தில் உள்ளே வரும் " குறிக்கு முன்னால் பின்சாய்வு போட வேண்டும். மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி (CSV) வடிவத்தை விவரிக்கும் 2005ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 4180 ஆவணம் வேறு வழி சொல்கிறது: புலம் (ஒரு தனி மதிப்பு) முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வை, உள்ளே இருக்கும் குறியை இரண்டாக எழுது. ஆக 24" திரை, கறுப்பு என்ற விவரம் "24"" திரை, கறுப்பு" என்று ஃபைலுக்குப் போக வேண்டும். சிஎஸ்வியில் பின்சாய்வு போட்டால் அதைச் சாதாரண எழுத்தாகவே பல நிரல்கள் படிக்கும்.

காற்புள்ளி போட்டுக் கையால் ஒட்டிச் செய்த சிஎஸ்வியில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். ஒரு கருத்துரை மேற்கோள்குறியோடு தொடங்குகிறது. பழைய மென்பொருள் அதை இத்தனை எழுத்துதான் என்று வெட்டியதால் முடிக்கும் குறி போய்விட்டது. படிக்கும் நிரலின் பார்வையில் புலம் இன்னும் முடியவில்லை. வரி முடிவும் அந்தப் புலத்துக்குள் வரலாம் என்பதால், அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று இன்னொரு மேற்கோள்குறி கண்ணில் படும்வரை எல்லாம் ஒரே புலத்துக்குள் சேர்ந்துகொண்டே போகும். பைத்தானின் சிஎஸ்வி தொகுதி (அந்த வடிவத்தைப் படிக்கவும் எழுதவும் பைத்தானோடு வரும் நிரல்) இயல்பாகவே கண்டிப்பு இல்லாத முறையில் இயங்குவதால், ஃபைல் முடியும்வரை குறி மூடப்படாவிட்டாலும் புகார் சொல்லாது.

அது வாய் திறக்கும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. புலத்தின் நீளம் 1,31,072 எழுத்துகளைத் தாண்டினால், வரம்பு மீறியது என்று நிற்கும். அப்போதும் பலர் செய்வது வரம்பைக் கூட்டுவதுதான். தயவுசெய்து அதைச் செய்வதற்கு முன் ஃபைலைத் திறந்து அந்த இடத்தைப் பாருங்கள். அவ்வளவு நீளக் கருத்துரையை யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். மூடாத குறி ஒன்று அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

ஜேசனில் நான் அடிக்கடி பார்ப்பது இன்னொரு தவறு. பைத்தான் அகராதியை (பெயர்-மதிப்பு இணைகளின் தொகுப்பு) அப்படியே உரையாக்கி ஃபைலில் எழுதிவிடுகிறார்கள். பார்க்க ஜேசன் மாதிரியே இருக்கும், ஆனால் ஒற்றை மேற்கோள்கள் இருக்கும். ஜேசன் அவற்றை ஏற்காது. சரி, எல்லா ' குறியையும் " ஆக மாற்றிவிடலாம் என்று ஒரு வரி சேர்ப்பார்கள். ஓ'நீல் என்ற பெயர் வரும் நாள்வரை அது ஓடும். ஜேசனோ சிஎஸ்வியோ, எழுதும் வேலையை அதற்கான தொகுதியிடமே விடுங்கள். எந்தக் குறியை எப்படிப் பாதுகாப்பது என்பது அதற்குத் தெரியும்.

லினக்ஸ் போன்றவற்றில் கட்டளைகளை இயக்கும் ஷெல்லுக்கான ஸ்கிரிப்டில் ஒற்றை மேற்கோளுக்குள் எதற்கும் தனி அர்த்தம் கிடையாது, பின்சாய்வுக்குக்கூட. அதனால்தான் உள்ளே ஒரு ' தேவைப்பட்டால் '\'' என்று மூடித் திறக்கிறோம். இரட்டை மேற்கோளுக்குள் $ உயிரோடு இருக்கும். << போட்டு, ஒரு முடிவுச் சொல் வரும்வரை உள்ள வரிகளையெல்லாம் உரையாகக் கொடுத்து அமைப்புக் கோப்பு எழுதும்போதும் அப்படித்தான். கடவுச்சொல்லில் $ இருந்தால், அதற்குப் பின்னால் உள்ள எழுத்துகளை ஷெல் ஒரு மாறியின் பெயராக எடுத்துக்கொள்ளும். அப்படியொரு மாறி இல்லையென்றால் அந்தத் துண்டு காணாமல் போகும். << பக்கத்தில் வரும் முடிவுச் சொல்லை மேற்கோளுக்குள் எழுதினால் இந்த மாற்றம் நடக்காது.

அப்புறம் வளைந்த மேற்கோள்கள். நேர்க்குறிகளின் யூனிகோட் எண் 34, 39. வளைந்தவை 8220, 8221, 8216, 8217. வேர்டில் எழுதி ஒட்டிய நிரல் ஓடாததற்கு அடிக்கடி இவைதான் காரணம். நிரலில் கட்டாயம் மாற்றுங்கள். மற்றவர்கள் எழுதிய உரையில் அவை இருந்தால் அப்படியே விடுங்கள், அது அவர்கள் எழுதியது. யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் குறிமுறை) என்று குறிப்பிட்டுத் திறந்து எழுதினால் போதும்.

எந்த ஸ்கிரிப்டை ஒப்படைப்பதற்கு முன்பும் ஒரு சோதனைப் பதிவு சேர்க்கிறேன். மேற்கோள்குறியில் தொடங்கி, ஒற்றைக்குறி, காற்புள்ளி, பின்சாய்வு, $, வரி முறிவு எல்லாம் கொண்ட ஒரு புலம் அதில் இருக்கும். எழுதிய ஃபைலைத் திரும்பப் படித்து மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவேன். எண்ணிக்கை பார்க்கும்போது வரிகளை எண்ணாதீர்கள், பதிவுகளை எண்ணுங்கள். வரி முறிவுள்ள புலம் ஒன்று இருந்தாலே இரண்டும் வேறாகிவிடும்.