நேர்க்கோடு வளைந்து தெரிந்தால்

வீட்டில் பெரியவர் ஒருவர் "பேப்பர் படிக்கும்போது நடுவுல எழுத்து அழிஞ்ச மாதிரி இருக்கு" என்று சொன்னால், கண்ணாடி மாற்ற வேண்டும் என்போம், இல்லாவிட்டால் புரை விழுந்திருக்கும் என்போம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் புரை என்பது கண்ணின் முன்பக்கத்தில் உள்ள லென்ஸ் மங்குவது, அதை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைக்கலாம். வயதானவர்களுக்கு வரும் மாகுலா சிதைவு கண்ணின் பின்சுவரில் நடப்பது. அங்கே மாற்றி வைக்க எதுவும் கிடையாது, கண்ணாடியின் பவரைக் கூட்டியும் பயனில்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள்: புரையில் பார்க்கிற எல்லாமே புகைமூட்டமாகத் தெரியும். மாகுலா கெட்டால் ஓரமெல்லாம் தெளிவாக இருக்க, எதை உற்றுப் பார்க்கிறோமோ அது மட்டும் கலங்கும். எதிரே வருபவரின் சட்டை தெரியும், முகம் தெரியாது.

மாகுலா என்பது விழித்திரையின் நடுவே சுமார் 5.5 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டம், அவ்வளவுதான். படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, பஸ் நம்பர் பார்ப்பது எல்லாம் இந்தச் சின்ன இடத்தின் வேலை. அதிலும் நட்டநடுவில் இருக்கும் குழியில் ஒளியைப் பிடிக்கும் கூம்பு செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

பார்வை கெடுகிறது என்பதால் இந்தக் கூம்பு செல்களில்தான் முதலில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். தொடக்கம் அதற்குக் கீழே. ஒளியைப் பிடிக்கும் செல்களின் நுனியில் மெல்லிய தட்டுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும். ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து இவற்றைச் சீக்கிரம் கெடுத்துவிடுவதால், தினமும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நுனியிலிருந்து உதிர, அடியிலிருந்து புதியவை வளர்ந்துகொண்டே இருக்கும். உதிர்ந்ததை விழுங்கிச் செரிப்பவை, அடியில் ஒற்றை வரிசையாக இருக்கும் நிறமி செல்கள். இவை பொதுவாகப் பெருகுவதில்லை. எண்பது வயதுக்காரரின் கண்ணில் இன்றைக்கும் அந்த வேலையைப் பார்ப்பவை, அவர் குழந்தையாக இருந்தபோது இருந்த அதே செல்கள்தான். எனக்கு இந்த நோயில் மனதை மிகவும் தொடும் விஷயம் இதுதான்: லீவே இல்லாமல் அத்தனை வருடம் உழைத்து ஓய்ந்துபோகும் செல்கள்.

செரிக்காத மிச்சம் வருடக்கணக்கில் அவற்றுக்குள் சேர்கிறது. அவற்றுக்கு அடியில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, ஆக்சிஜனும் சத்தும் ரத்தக்குழாய்களிலிருந்து மேலே வருவதும் கழிவு கீழே போவதும் அதன் வழியாகத்தான். வயதாக ஆக அந்தச் சவ்வு தடித்து, கொழுப்பும் புரதமும் அங்கங்கே மஞ்சள் புள்ளிகளாகப் படிகின்றன. டாக்டர்கள் இவற்றை ட்ரூசன் என்பார்கள். பொடிப் புள்ளிகள் சில இருந்தால் அது வெறும் வயதின் அடையாளம், பயப்பட வேண்டியதில்லை. பெரிதாகிக்கொண்டே போனால்தான் கவலை. 2005-இல் பல ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இந்த நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவைச் சுட்டிக்காட்டின. நம் நோய் எதிர்ப்பு அமைப்பின் ஒரு பகுதி சொந்த உடம்பின் மேலேயே பாய்ந்துவிடாமல் அடக்கிவைக்கும் புரதத்துக்கான மரபணு அது. அதில் ஒரு சிறு மாறுபாடு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. மரபணுவை மாற்ற முடியாது, சரி. ஆனால் சிகரெட்டை விடலாம். புகைப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் போகலாம்.

பெரும்பாலானவர்களுக்கு இருப்பது உலர் வகை, மெதுவாக, வருடக்கணக்கில் நகர்வது. நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு அது ஈர வகையாக மாறுகிறது. அப்போது கண் 'வி.இ.ஜி.எஃப்' என்ற வளர்ச்சிப் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்க, புது ரத்தக்குழாய்கள் சவ்வைத் துளைத்துக்கொண்டு வளர்கின்றன. அவசரத்தில் முளைத்த குழாய்கள் என்பதால் கசியும். அடியில் ஈரம் ஏறித் தரையின் டைல்ஸ் உப்பிக்கொள்வதுபோல விழித்திரை மேலெழும்புகிறது. அதன் மேல் இருக்கும் கூம்பு செல்கள் இடம் பெயர்ந்துவிட்டது மூளைக்குத் தெரியாது, பழைய இடத்திலேயே இருப்பதாக நினைத்துப் படத்தைக் கோக்கிறது. விளைவு, நேரான ஜன்னல் கம்பி நடுவில் நெளிந்து தெரியும்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கொடுக்கும் படத்தை வைத்து மூளை சமாளித்துவிடும், கெட்ட கண்ணின் குறை மாதக்கணக்கில் வெளியே தெரியாது. சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் இதற்காகவே கட்டம் போட்ட அட்டை ஒன்றைப் பிரபலமாக்கினார். அட்டை இல்லாவிட்டால் கதவு நிலை, ஜன்னல் கம்பி எதுவானாலும் சரி. படிக்கிற கண்ணாடி உள்ளவர்கள் அதைப் போட்டுக்கொண்டு, காலண்டர் கட்டத்தை ஓர் அடி தூரத்தில் பிடித்து, நடுவில் ஒரு புள்ளியையே பாருங்கள். கோடு புதிதாக வளைந்தாலோ நடுவில் ஒரு திட்டு காணாமல் போனாலோ, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், சில நாட்களுக்குள் ரெட்டினா (விழித்திரை) டாக்டரைப் பாருங்கள். கசிவு தழும்பாகிவிட்டால் போன பார்வை திரும்பாது.

சீக்கிரம் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம், ஈர வகைக்கு இன்று நல்ல சிகிச்சை இருக்கிறது. அந்த வளர்ச்சிப் புரதத்தைக் கட்டிப்போடும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். குடல் புற்றுநோய்க்காக 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிஸுமாப் என்ற இத்தகைய மருந்தை, மயாமியைச் சேர்ந்த டாக்டர் பிலிப் ரோசன்ஃபெல்ட் அடுத்த வருடமே கண்ணுக்குள் போட்டுப் பார்த்தார். கண்ணுக்கென்றே வந்த அதே வகை மருந்தான ரானிபிஸுமாப் பல மடங்கு விலை. இரண்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வின் முடிவு 2011-இல் வந்தபோது, பார்வையைக் காப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. கண்ணுக்குள் ஊசியா என்று பதறுவது இயல்புதான். மரத்துப்போக சொட்டு மருந்து விட்டு, வெள்ளை விழி வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்துவார்கள், சில விநாடிகளில் முடிந்துவிடும். பெரும்பாலும் முதலில் மாதம் ஒன்று வீதம் மூன்று, அப்புறம் தேவையைப் பொறுத்துத் தொடர வேண்டும். நன்றாகத் தெரிகிறதே என்று பாதியில் நிறுத்தினால் கசிவு மறுபடி தொடங்கிவிடலாம்.

நடுப்பார்வை நன்றாகவே போய்விட்டவர்களில் சிலருக்கு வேறொன்றும் நடக்கும், இதை நாம் கட்டாயம் பேச வேண்டும். இல்லாத ஆட்கள், பூ வேலைப்பாடுகள், குட்டி மனிதர்கள் தெரிவார்கள். கண்ணிலிருந்து தகவல் வராத இடத்தில் மூளை தானாகவே படங்களை உருவாக்குவதுதான் காரணம். 1760-இல் சுவிட்சர்லாந்து அறிஞர் சார்ல்ஸ் பானே தன் தாத்தாவுக்கு நடந்ததை எழுதிவைத்ததால் பானேயின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. புத்தி பேதலித்துவிட்டது என்பார்களோ, பேய் பிடித்தது என்பார்களோ என்ற பயத்தில் பலர் வாயே திறப்பதில்லை. வீட்டில் அப்படிப் பார்வை குறைந்த அப்பத்தாவோ தாத்தாவோ இருந்தால், "இல்லாதது ஏதாவது கண்ணுல தெரியுதா? அது கண்ணால வர்றது, உங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்று நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள், அடுத்த தடவை கண் டாக்டரிடம் போகும்போது அவரிடமும் சொல்லுங்கள்.